ஆட்டோவில் வரும் குரல்

சாலவாக்கம் பக்கம் மழைக்காலத்தில் எனக்குப் பிடித்த சத்தம், ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி. ஏரி நிரம்புது, கரைப்பக்கம் பிள்ளைங்கள விடாதீங்க, அறுந்து கிடக்கிற கரண்ட் கம்பியைத் தொடாதீங்க என்று ஒன்றையே இரண்டு முறை சொல்லும். நல்ல அறிவிப்பாளர் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, எதிரொலி அடங்கக் காத்திருந்து பேசுவார். அடுப்படியில் இருக்கும் பாட்டிக்கும் சொல் தெளிவாகக் கேட்கும். குறுஞ்செய்தி அவரிடம் போய்ச் சேராது.

பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்திலேயே ஏரி வாரியம் இருக்கிறது. ஏரியைக் கவனிக்க ஆள் தேர்ந்தெடுத்த மண் இது. ஆனால் ஊருக்குச் செய்தி சொல்லும் பறையை ஒரே சாதியின் தோளில் நெடுங்காலம் மாட்டிவைத்திருந்தோம். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு, பறையடித்து அறிவிக்கும் அந்தத் தண்டோராவைக் கைவிடும்படி ஆட்சியர்களுக்கு எழுதினார். மிகச் சரியான முடிவு. மைக்கை யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம்; ஊராட்சி மன்றத் தலைவரே ஏறிப் பேசினால் இன்னும் நல்லது.