குட்டைக் காலுக்குக் கல்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் கண்ணில் படுவது பனையும் சீமைக் கருவேலமும்தான். பனை நெட்டையாக வளரும், கைமரத்துக்கு ஆகும். வேம்பும் நாட்டுக் கருவேலமும் உறுதி. ஆனால் நேராக ஓடும் நீளம் குறைவு. ஓட்டு வீட்டுத் திண்ணைக்கு நிறுத்தும் கால் ஒரு சாண் குறைந்துவிட்டால்? அதை ஒட்டுப்போட்டு நீட்டுவதைவிட அடியில் கல் வைப்பதே நல்ல வேலை. அழகே அங்கேதான் இருக்கிறது. கல் உயரத்தை ஈடுகட்டுகிறது. மண்ணின் ஈரம் மரத்தில் ஏறாமல் தடுக்கிறது. கரையான் ஏறினாலும் கல்லின் மேல் அதன் மண்தடம் பளிச்சென்று தெரிந்துவிடும். நாலு கால் நாலு அளவா? கல்லின் உயரத்தை மாற்றினால் உத்திரம் மட்டத்துக்கு வந்துவிடும்.

இன்னும் நாலு விரற்கடை போதவில்லையென்றால் உச்சியில் போதிகைக் கட்டை. அது வெறும் நிரப்பு அல்ல. உத்திரத்தின் பாரத்தை அகலமாக வாங்கிக் காலில் இறக்குகிறது. திருச்சுழி திருமேனிநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள் தூண்களின் தலையை அண்ணாந்து பாருங்கள், அதே போதிகைதான், கல்லில். அந்த இடைவெளிக்குப் பச்சை மரத்தில் ஆப்பு செதுக்கி அடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை; காய்ந்ததும் சுருங்கிக் கழன்றுவிடும்.

பழைய வீட்டை இடிக்கிறவர்கள் அந்தக் காலடிக் கற்களை மண்ணோடு அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். மாட்டுக் கொட்டகைக்காவது ஆகும்.