துளியின் மகுடம்

பேராக் ஆற்றோடு கங்சார் ஆறு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் கோலா கங்சார். 1877ஆம் ஆண்டில் அவ்வூரில் ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அவற்றுள் எஞ்சியதெனப் போற்றப்படும் மரமொன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கின்றது. மலேசியத் தமிழர் வரலாற்றின் பெரும்பகுதி, பின்னர்த் தோன்றிய பால்மரக் காடுகளில் சொட்டுச் சொட்டாக வடிந்த வெண்பாலோடு கலந்தது எனின் அது மிகையாகாது. அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆர்தர் வொர்திங்டன் என்னும் இயற்பியல் அறிஞர் வேறொரு வெண்துளியை ஆராயத் தொடங்கியிருந்தார். தட்டின்மேல் விழும் பால்துளி சிதறுங்கால் என்னென்ன வடிவம் கொள்கிறது என்பதே அவர் எழுப்பிய வினா. இவ்விரு துளிகளும் ஒன்றையொன்று அறியா. ஆயினும், சிதறும் நீர்த்துளியை வீட்டிலேயே மின்னொளியிற் படம்பிடிக்கும் கலை பரவியுள்ள இந்நாளில், அதனை மதிப்பிடப் புகுவோர் இரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் தகும்.

வொர்திங்டனின் முறை எளியது. ஆனால் பொறுமையைச் சோதிப்பது. இருட்டறையில் துளி விழும். குறித்த கணத்தில் மின்பொறி ஒன்று வெடித்து மறையும். அந்த ஒளியில் விழித்திரையில் பதிந்த உருவத்தை அவர் உடனே வரைவார். அடுத்த துளிக்குப் பொறியைச் சிறிது தாழ்த்துவார், மீண்டும் வரைவார். இவ்வாறு ஏறத்தாழ இருபதாண்டுகள் வரைந்த படங்களில் மகுடங்கள் எல்லாம் செவ்வனே அமைந்திருந்தன. இதழ்கள் ஒத்த இடைவெளியில் நின்றன. ஒரு பாதி மறுபாதியை ஒத்தது. 1894இல் அவர் அக்காட்சிகளை நிழற்படமாக எடுப்பதில் வெற்றி கண்டார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒரு மகுடமும் முழு ஒழுங்குடையதாக இல்லை. ஒன்று ஒருபுறம் சாய்ந்தது. மற்றொன்றின் விளிம்பு ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலிந்தது. பழைய படங்களைத் திரும்பப் பார்த்த அவர், கோணலானவற்றை எல்லாம் விபத்தென ஒதுக்கி, ஒழுங்கானவற்றையே தாம் தேர்ந்து வந்ததை மறையாது எழுதினார். 1908இல் அவர் வெளியிட்ட சிதறல் ஆய்வு நூல் நிழற்படங்களைக் கொண்டே அமைந்தது.

அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி எடுத்துரைக்கப்படும் நிகழ்ச்சி. கலைத் திறனாய்வுக்கும் இது நெருங்கிய உறவுடையது. இலக்கணத்திற்கு முற்றும் பொருந்திய செய்யுளை மட்டும் எடுத்துக்காட்டி, பொருந்தாதவற்றைப் பாட வேறுபாடென்றும் ஏடெழுதினோர் பிழையென்றும் தள்ளிவிடும் ஆசிரியரும் அன்றைய வொர்திங்டனின் வழியிலேயே நடக்கின்றார்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஹெரால்ட் எட்கர்ட்டன் இக்கலையை உலகறியச் செய்தார். 1936இல் கறுப்பு வெள்ளையிலும் 1957இல் வண்ணத்திலும் அவர் எடுத்த பால்துளி மகுடம் பாடநூல்களிலும் காட்சிக் கூடங்களிலும் இடம்பெற்றது. வண்ணப் படத்தில் செந்நிறப் பின்னணியில் வெண்மகுடம் எழுந்து நிற்க, அதன் மேலே அடுத்த துளி அந்தரத்தில் நிற்கின்றது. அப்படத்தின் உயிர் அந்த இரண்டாம் துளியிலேயே உள்ளது. நிகழ்ந்தது ஒன்று, நிகழவிருப்பது ஒன்று. இரண்டும் ஒரே சட்டத்துள் அகப்பட்டன. மகுடத்தின் முத்துகள் ஒன்றுபோல் இல்லாமையும் நோக்கத்தக்கது.

வீட்டுக் கலைஞர்க்கு இவற்றை எட்டுதல் இன்று அரிதன்று. துளை சிறிதான பிளாஸ்டிக் பையோ, மருத்துவமனையில் நரம்புவழி நீரேற்றப் பயன்படும் குழாயோ துளியைத் தரும். சமையலறைத் தட்டு அதனை ஏற்கும். இங்குப் பலரும் பிழைபடக் கருதுவது ஒன்றுண்டு. துளியை உறையச் செய்வது படக்கருவியின் வேகம் அன்று, ஒளியின் குறுமையே. 30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி கால் நொடியில் நீரைத் தொடும். அப்போது அதன் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 2.4 மீட்டர். மின்னொளி விளக்கு முழு ஆற்றலில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளிருமாயின் துளி அதற்குள் 2.4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும், படம் கலங்கும். ஆற்றலைக் குறைத்து ஒளியை இருபதாயிரத்தில் ஒரு பங்காக்கினால் நகர்வு 0.12 மில்லிமீட்டரே. எனவே அறையை இருட்டாக்கி, படக்கருவியின் கதவத்தைத் திறந்து வைத்து, ஒளி ஒன்றையே கத்தியாகக் கொண்டு காலத்தை அரிதல் வேண்டும். மென்படலமான நீரில் மகுடம் எழும். ஆழ்ந்த நீரில் குழி விழுந்து மூடி, நடுவே தூண் எழும். அத்தூண் இன்றும் வொர்திங்டன் பெயராலேயே வழங்குகிறது. ஈரக் கையோடு மின்னொளிக் கருவியைத் தொடலாகாது என்பதைச் சிறுவர்க்குச் சொல்லித்தான் தீரவேண்டும்.

இவ்வளவு எளிதாகியதே இக்கலையின் இடராகவும் ஆயிற்று. இன்று காணக்கிடைக்கும் துளிப் படங்களிற் பெரும்பாலானவை ஒன்றையொன்று ஒத்தவை. நீலமும் சிவப்புமாகச் சாயம் கலந்த நீர். நடுவே ஒரு தூண். தூணின்மேல் இரண்டாம் துளி மோதி விரிந்த குடை. மின்னணுக் கருவி துளிகளின் இடைவெளியை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை அளந்து விடுகின்றது. வழுவிய படங்கள் அழிக்கப்படுகின்றன. எஞ்சியதன் கோணலும் கணினியில் திருத்தப்படுகிறது. வொர்திங்டன் பொறியொளியிற் கண்டு திருந்திய பிழையை, அவரினும் சிறந்த கருவிகளைக் கொண்டு மீண்டும் செய்கின்றனர். வரிசையாக அடுக்கப்படும் படத் தொடர்கள் ஒரே துளியின் வாழ்வன்று, பல துளிகளின் தொகுப்பே என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. வொர்திங்டனின் தொடர்களும் தொகுப்புகளே; ஆயினும் அவர் தம் முறையை விளக்கியே வெளியிட்டார்.

துளி தன்னுள் எதனைக் கொண்டிருக்கிறது என்னும் வினாவைத் தமிழ் மரபு முன்பே எழுப்பியுள்ளது. திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பா, தினைக்கும் ஈடாகாத புல்நுனிப் பனித்துளி நெடிய பனையைக் காட்டுவதைக் குறளுக்கு உவமையாக்கியது. இது வெறும் கற்பனை அன்று. உருண்டைத் துளி ஒரு வில்லை. அதன் ஆரம் 1 மில்லிமீட்டர் எனின், அப்பால் தொலைவில் நிற்கும் மரத்தின் தலைகீழ் உருவம், காண்பவர் பக்கமாகத் துளியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முன்னே அமையும். படக்கருவியைத் துளியின் மேனிமீது குவித்தால் மரம் மங்கும். மரத்தின்மீது குவித்தால் துளியின் மேனி சிறிது மங்கும். எதனைத் தெளிவாக்குவது என்பது கலைஞரின் தீர்ப்பு. இந்தத் தலைகீழ் உருவத்தை நிமிர்த்திக் காட்டுவதற்காக, அச்சிட்ட பூவின் படமொன்றைத் துளிக்குப் பின்னால் கவிழ்த்து வைக்கும் வழக்கம் பரவியுள்ளது. கடையில் வாங்கிய பூவைத் துளிக்குள் நிமிர்த்துவதில் கைத்திறன் உண்டு, இடம் இல்லை. பேராக்கில் வைகறையில் எடுக்கப்படும் துளி எதனைக் காட்டும்? பால்மரங்கள் வீழ்த்தப்பட்ட நிலங்கள் பலவற்றில் இன்று நிற்பது செம்பனை. கபிலர் பெயரால் வழங்கும் வெண்பாவின் பனையும் இந்தப் பனையும் வேறு வேறு. அந்தச் செம்பனை தலைகீழாகவே தொங்கும் ஒரு பனித்துளிப் படம், நூறு நீலக் குடைகளைவிடப் பெரிதும் பேசும்.

தோட்டத்தில் துளிக்கு இன்னொரு பொருளும் உண்டு. விடியுமுன்னரே பெரட்டுக்கு நின்று, நிரைக்குச் சென்று மரம் வெட்டியவர்க்குத் துளி என்பது கூலி. வெட்டுத் தடத்தின் வழியே ஒழுகிய பால் மங்கில் சொட்டும். சில மணிநேரம் கழித்துச் சேர்த்தெடுக்க வேண்டும். அதற்குள் மழை வந்தால் மரத்தின்மேல் வழியும் நீர் பாலைத் தடம் மாற்றும். மங்கு நிரம்பி வழிந்து பால் மண்ணிற் கலக்கும். வானம் இருண்டபோது தோட்டத்துப் பெண்கள் அண்ணாந்து பார்த்த பார்வையை மலேசியத் தமிழ்ச் சிறுகதைகள் பலகால் எழுதியுள்ளன. மங்கின் வெண்பாலில் மழைத்துளி ஒன்று விழும்போது எழுவதும் மகுடமே. எட்கர்ட்டனின் மகுடத்திற்கு வடிவில் அது உறவு. ஆனால் அன்றைய உழைப்பு வீணாகும் கணம் அது. வடிவத்தை மட்டும் போற்றும் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. எங்கே, எதன்மேல், யாருடைய துளி என்று கேட்கும் கண்ணுக்கு அவை ஒன்றாகா. படக்கலையில் அழகு எங்கே முடிந்து பொருள் எங்கே தொடங்குகிறது என மாணவர்க்கு விளக்க இதனினும் தக்க சான்று கிடைப்பது அரிது.

இப்படத்தை எடுக்க ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. பால் உறையாதிருக்கச் சிறிது அம்மோனியா கலந்து, பழைய மங்கு ஒன்றில் ஊற்றி, இருட்டிய அறையில் மேலிருந்து நீரைச் சொட்டவிட்டால் போதும். ரப்பர்ப் பாலில் மூன்றிலொரு பங்களவு ரப்பர் இருப்பதால் அது தண்ணீரினும் பாகுத்தன்மை மிக்கது. ஆதலின் மகுடம் தாழ்ந்தே எழும், விளிம்பு தடிக்கும், சிதறும் முத்துகள் சிலவே. மங்கின் உட்சுவரில் ஒட்டுப்பால் உலர்ந்து தோலாய் நிற்குமாயின் அலை அதில் மோதி மகுடம் ஒருபக்கம் சாயும். அந்தச் சாய்வைத் திருத்தாமல் அச்சிடல் வேண்டும்.