யாருக்குப் போன் போடுவது?

2020 ஜனவரி 21 இரவு. கன்னிவாடி காலனியில் எங்கள் வீட்டு டிவி முன்னால் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். டிவி என்றால், 2006 தேர்தலுக்குப் பிறகு தி.மு.க. ஆட்சி கொடுத்த இலவச வண்ணத் தொலைக்காட்சிதான். ஓரத்தில் பச்சை அடிக்கும், ஆனால் ஓடும். கலர்ஸ் தமிழில் ராதிகா சரத்குமார் நடத்திய ‘கோடீஸ்வரி’. பெண்கள் மட்டுமே கலந்துகொண்ட வினாடி வினா. அன்றைக்கு எதிர் நாற்காலியில் மதுரை கௌசல்யா கார்த்திகா. முப்பத்தொரு வயது, மதுரை நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளர். காது கேளாது, பேச்சும் வராது. உதட்டசைவைப் பார்த்தே கேள்வியை வாங்கிக்கொள்கிறவர். கடைசிக் கேள்வியையும் தாண்டி ஒரு கோடி ரூபாய் ஜெயித்தார்.

எங்கள் வீட்டில் கைதட்டல். பக்கத்து வீட்டுச் சித்தி அழுதே விட்டது. அம்மா மட்டும் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள்: “ஏன்டா, இந்தப் பிள்ளைக்கு யாரு பாடஞ் சொல்லிக் குடுத்தது?”

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன், வெகுசன ஊடகங்களைப் பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லை. ‘குறையை வென்றார்’, ‘தன்னம்பிக்கையின் சிகரம்’ என்று ஊடகங்கள் தயாரித்துக் கொடுக்கிற உணர்ச்சியில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்த நிகழ்ச்சியை மறுபடியும் வாசிக்க வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டின் அச்சு நம்முடையது அல்ல. 1998இல் பிரிட்டனில் தொடங்கியது. 2000 ஜூலையில் அமிதாப் பச்சனை வைத்து இந்திக்கு வந்தது. அதை ஒட்டியே சன் டிவியில் சரத்குமாரின் ‘கோடீஸ்வரன்’, பிறகு 2012இல் விஜய் டிவியில் சூர்யா. நாற்காலி, இருட்டு, நெஞ்சைப் படபடக்க வைக்கும் இசை எல்லாமே உரிமம் வாங்கி இறக்கிய சரக்கு. அந்த மூல வடிவத்தில் போட்டியாளருக்கு மூன்று உதவிகள் உண்டு. நாலு விடைகளில் இரண்டைக் கழிப்பது ஒன்று, அரங்கத்தில் இருப்பவர்களைக் கேட்பது ஒன்று, நண்பருக்குப் போன் போடுவது ஒன்று.

இந்த மூன்றாவதில்தான் எனக்குக் கண் நிற்கிறது. நண்பருக்குப் போன் போட முதலில் காது வேண்டும், வாய் வேண்டும். கௌசல்யாவைப் போன்ற ஒருவர் இந்த நாற்காலிக்கு வருவார் என்று அச்சை வார்த்தவர்கள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அடுத்து, அந்த முனையில் போனை எடுக்க ஒரு ஆள் வேண்டும். தென் அமெரிக்காவின் நீளமான ஆறு, மொகலாயர் வரிசை, விம்பிள்டன் ஜெயித்தவர் என்று கேட்டவுடன் சொல்கிற ஆள். அக்ரகாரத்துப் பையனுக்கு ஒரு மாமா பேங்கில், ஒரு சித்தப்பா கல்லூரியில், ஒரு அத்திம்பேர் அமெரிக்காவில். நமக்கு? முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போன பிள்ளை தன் செல்போனில் இருக்கிற பெயர்களை மேலிருந்து கீழாகத் தள்ளிப் பார்க்கட்டும். கொத்தனார், டிராக்டர் ஓட்டுகிற அண்ணன், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற மச்சான். எல்லாம் உசுரைக் கொடுக்கிற உறவுகள். லட்ச ரூபாய்க் கேள்விக்கு யாரைக் கூப்பிடுவது? ‘பொது அறிவு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது யாருக்குப் பொதுவாக இருந்தது என்பது சாதியின் வரலாறு.

இங்கே தோழர்கள் சிலர் ஒரு வாதம் வைப்பார்கள். இந்த அறிவே ஆதிக்க அறிவு, பழனி மலைப்பக்கம் மேகம் இறங்குவதைப் பார்த்து மழை சொல்கிற உன் அம்மாவின் அறிவுதான் அறிவு, வினாடி வினாவைத் தூக்கிக் குப்பையில் போடு என்று. கேட்க நன்றாக இருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் சமுதாயக் கூடத்தில் சாயங்காலம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நான் தமிழ்ப் பகுதி நடத்துகிறேன். அவர்கள் அந்த நிகழ்ச்சியை நோட்டு வைத்துக்கொண்டு பார்த்தார்கள். தாலுகா ஆபீசில் கைகட்டி நின்றவன் மகள் அதே ஆபீசில் நாற்காலி போட்டு உட்காருவதற்கு அந்தக் குப்பைதான் வழி. அயோத்திதாசர் 1907இல் பத்திரிகை தொடங்கியபோது ‘நமக்கு எதற்கு எழுத்து’ என்று இருந்துவிடவில்லை. அவர்கள் வைத்திருக்கிற அறிவில் பங்கு கேட்பதும் போராட்டம்தான்.

ஆனால் பங்கு கேட்கிறபோதே அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். கீழ்வெண்மணி எந்த ஆண்டு என்று கேட்டால் நாலு விடை போடலாம்: 1968. எத்தனை பேர் எரிக்கப்பட்டார்கள் என்றாலும் போடலாம்: 44. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் ஏன் விடுவித்தது என்று கேட்டால் நாலு கட்டத்துக்குள் அடங்குமா? ‘ஏன்’ என்ற சொல் வந்தவுடன் இந்த விளையாட்டு நின்றுபோகும். தேதியும் பெயரும் மட்டுமே அறிவு என்று நம்புகிற பிள்ளையை நானும் சேர்ந்துதான் தயாரிக்கிறேன். அந்த உறுத்தல் எனக்கு உண்டு.

இன்னொரு வெற்றியாளரைச் சொல்ல வேண்டும். 2019இல் இந்தி நிகழ்ச்சியில் ஒரு கோடி வென்ற பபிதா தாடே. மகாராஷ்டிரத்தின் அமராவதி மாவட்டத்தில் பள்ளிக்கூட மதிய உணவு சமைக்கிறவர். அப்போது மாதச் சம்பளம் 1500 ரூபாய். ஜெயித்தால் என்ன வாங்குவீர்கள் என்றதற்கு, ஒரு செல்போன் என்றார். வீட்டுக்கே ஒரு போன்தான். அமிதாப் ஒரு போனைப் பரிசாகக் கொடுத்தார், நாடே உருகியது. நண்பருக்குப் போன் போடச் சொல்கிற விளையாட்டில் சொந்தப் போனே இல்லாத ஒருத்தி ஜெயித்தாள் என்பதை ஊடகம் இனிப்பாக்கிவிட்டது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவருக்கு ஏன் 1500 ரூபாய் என்று யாரும் அரசாங்கத்தைக் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வருசம், 2018இல், அவினாசி வட்டாரத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் பள்ளியையே மறித்தார்கள். சத்துணவுக் கரண்டிக்கு இந்தக் கதையும் உண்டு. அது பிரைம் டைமுக்கு ஆகாது.

செக்கைக் கையில் கொடுத்து, வண்ணக் காகிதம் பறக்கவிட்டு, கதையை முடித்துக்கொள்வது தொலைக்காட்சியின் வழக்கம். முடிந்த பிறகு நடந்ததை ஒருவர் எழுதியிருக்கிறார். பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுசில் குமார். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 6000 ரூபாய் சம்பளத்துக்குக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்து, 2011இல் ஐந்து கோடி வென்றவர். 2020இல் அவர் ஃபேஸ்புக்கில் எழுதியது ஒரு வாக்குமூலம். தினமும் விழா, பேட்டி. தருமம் கேட்டு வந்தவர்களில் ஏமாற்றியவர்கள் பலர். போட்ட தொழில் கைகொடுக்கவில்லை. குடி, சிகரெட். மனைவியோடு சண்டை. சினிமா எடுக்கலாம் என்று மும்பைக்குப் போய் அறையில் படம் பார்த்துக் கிடந்தது. கடைசியில் ஊருக்குத் திரும்பினார். சம்பாரன் மண்ணில் வீடு வீடாகச் செண்பகக் கன்று நட்டார். 2023இல் அரசு ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினார். ஐந்து கோடி ஜெயித்தவர் மாதச் சம்பள வேலைக்குப் பரீட்சை எழுதியதைச் சிலர் கேலி பேசினார்கள். எனக்கு அது வீழ்ச்சியாகத் தெரியவில்லை. பரிசுப் பணத்தில் முப்பது விழுக்காடு வரி, அதற்கு மேல் செஸ், பிடுங்குகிறவர்கள் என்று எல்லாம் போகும். முதல் தேதி வருகிற சம்பளமும் பென்சனும்தான் நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டது.

கௌசல்யாவும் ஏற்கெனவே அரசு ஊழியர். இதை நிகழ்ச்சி அறிமுக வரியாகச் சொல்லிவிட்டுக் கடந்தது. காது கேளாதவர்களுக்கு அரசு வேலையில் ஒரு விழுக்காடு என்று 1995 சட்டம் சொன்னது, 2016 சட்டமும் சொல்கிறது. அந்த ஒரு விழுக்காட்டுக்காகத் தெருவில் உட்கார்ந்தவர்கள், சட்டம் வந்த பிறகும் அமல்படுத்தச் சொல்லிக் கோர்ட்டுக்கு அலைந்தவர்கள், சைகை மொழியில் அ, ஆ சொல்லிக்கொடுத்த சிறப்பாசிரியர்கள், இவர்கள் யாரும் அந்த அரங்கின் வெளிச்சத்துக்குள் வரவில்லை. தன்னம்பிக்கை மட்டும் வந்தது. இட ஒதுக்கீட்டில் படித்து மேலே வந்தவனிடம் ‘நீ திறமையால் வந்தவன்’ என்று பாராட்டுவதுபோல வேரை வெட்டுகிறார்களே, அதே வேலை.

கௌசல்யா மட்டும் அதை மறக்கவில்லை. பரிசுப் பணத்தில் தான் படித்த நாகர்கோவில் பள்ளிக்கு உதவ வேண்டும் என்றார். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிற ஆசையையும் சொன்னார். அதையும் நான் மரியாதையோடு குறித்துக்கொள்கிறேன். ஏழையும் ஊனமுற்றவரும் தியாகம் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

பேப்பரில் வந்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “நாகர்கோயிலா, எத்தன மணி நேரம்டா பஸ்ஸு?” என்றாள். அப்போதுதான் அவள் முதல் நாள் ஏன் கேட்டாள் என்று எனக்கு விளங்கியது. எங்கள் தெருவில் ஒரு பயல் இருக்கிறான். அப்போது ஒன்பது வயது. பிறந்ததிலிருந்து காது கேளாது. ஊரில் அவன் பெயரே ‘ஊமையன்’. உள்ளூர்ப் பள்ளியில் பெயர் இருந்தது, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். மற்ற நாளில் தாத்தாவோடு ஆட்டுக்குப் போவான். கோடீஸ்வரி ஓடிய அன்று முன்வரிசையில் உட்கார்ந்து ராதிகாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடுதியோடு இருக்கிற சிறப்புப் பள்ளிகளை விசாரித்தேன். அடையாள அட்டை வேண்டும், அதற்கு முதலில் காது பரிசோதனைச் சான்று வேண்டும் என்றார்கள். பிப்ரவரியில் அவன் அப்பனுக்கு இரண்டு நாள் கூலி போக, திண்டுக்கல்லுக்கு இரண்டு தடவை அலைந்தோம். முதல் தடவை டாக்டர் இல்லை, இரண்டாவது தடவை மிஷின் ரிப்பேர். வருகிற ஜூனில் சேர்த்துவிடலாம் என்று திரும்பினோம். மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிக்கூடங்களை எல்லாம் பூட்டினார்கள். அடுத்த ஜூனிலும் திறக்கவில்லை. அட்டை வந்து சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. ஆடு பதினெட்டு உருப்படி ஆகியிருந்தது. தாத்தா படுத்துவிட்டார். இந்தச் சமயத்தில் பயலை எப்படி விடுவது என்று அவன் ஆத்தா கேட்டாள்.