குவேனி காட்டிய அரிசி

எலுவன்குளத்திலிருந்து கலா ஓயாவைத் தாண்டி, வில்பத்துக் காட்டுக்குள்ளால வடக்கே போனால் கடலோரத்தில் குதிரைமலை. செம்பு நிற மண். விஜயன் இறங்கிய தம்பபண்ணி இந்தப் பக்கம்தான் என்று பலர் சொல்லுவாங்க. களைத்துத் தரையில் கையூன்றியவர்களின் உள்ளங்கை சிவந்ததால் அந்தப் பெயர் வந்தது என்கிறது மகாவம்சம். புத்தர் பரிநிர்வாணம் அடைந்த நாளும் விஜயன் வந்திறங்கிய நாளும் ஒன்று என்றும் அது சொல்லுகிறது. நாட்டின் உரிமைப் பத்திரமாக அந்த ஒரு வரியைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

ஆனால் அதே ஏழாம் அத்தியாயத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். விஜயன் வரும்போது குவேனி மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருக்கிறாள். அவனுடைய ஆட்களுக்குச் சோறாக்க அரிசி காட்டுகிறாள். அந்த அரிசி எங்கால வந்தது? அவள் தின்றுவிட்ட வணிகர்களின் கப்பல்களிலிருந்து! அப்படியென்றால் விஜயனுக்கு முன்பே இங்கே நெசவு இருந்தது, யக்கர் நகரம் இருந்தது, கப்பல் வியாபாரம் இருந்தது. பிறகு விஜயனுக்கும் அவன் தோழர்களுக்கும் பெண் வந்தது மதுரையிலிருந்து. குவேனியின் பிள்ளைகளோ மலைக்கு ஓடிப்போனார்கள். நூலை எழுதிய பிக்கு மறைக்காததை நூலைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் மறைக்கிறார்கள்.

‘சிங்கள’ என்ற அடையாளம் முதலில் அரச குலத்தைக் குறித்துப் பிறகுதான் மக்கள் முழுவதற்கும் விரிந்தது என்று ஆர்.ஏ.எல்.எச். குணவர்தன 1979இல் எழுதியதற்குப் பெரிய எதிர்ப்பு வந்தது. கொடியில் நிற்கிற சிங்கமும் கண்டி அரசின் சிங்கந்தான். அந்த அரசின் கடைசி மன்னன் நாயக்கர் வம்சம். 1951இல் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு நமக்காகச் சேர்த்தார்கள். சிங்கம் நிற்கிற கட்டத்துக்கு வெளியே.

இது ஏட்டு விவகாரம் மட்டும் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் பெரும்பகுதி புத்தளத்துக்குத்தான் வந்தது. யுத்தம் முடிந்து அவர்கள் மறிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பியபோது ‘வில்பத்தை அழிக்கிறார்கள்’ என்ற கூச்சல் கிளம்பியது. வழக்கும் நடந்தது, காட்டுச் சட்டத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. என் கேள்வி வேறு. எழுநூறு பேரோடு வந்திறங்கியவன் தாபகன், விரட்டப்பட்டுத் திரும்பி வருகிறவன் ஆக்கிரமிப்பாளன். இந்தப் பிரிப்பை வரைபடம் தரவில்லை, கதைதான் தருகிறது.

நம்மட வீட்டுக்குள்ளும் ஒரு கரையேறும் கதை இருக்கிறது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். சட்டசபையில் நமக்குத் தனி ஆசனம் வரப்போகிற நேரம் அது, மறுவருடமே வந்தது. ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் பதில் எழுதி அரபு வழியை நிறுவினார். அந்த நேரத்துக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அரபு வணிகனையே பேசிப் பேசி, அவன் மணந்த இந்த மண்ணின் பெண்ணை நாமும் மரத்தடியில் விட்டுவிட்டோம். அவள் பெயர் நம் வம்சாவளி எதிலும் இல்லை. உம்மாமார் வழியாக வந்த தமிழில்தான் இதையும் எழுதுகிறேன்.