கொசுவர்த்திச் சுருளும் கருப்பொருளும்

ரஹாங் வட்டாரத்திலிருந்து தமிழ் மாணவர் குழுவொன்று கோலாலம்பூரிலுள்ள தேசியக் கலைக்கூடத்திற்குச் செல்லுமாயின், ஏறத்தாழ 65 கிலோமீட்டர்ப் பேருந்துப் பயணம் அவர்கட்குப் பெரிதன்று. கூடத்தினுள் நுழைந்தபின்னரே இடர்ப்பாடு தொடங்குகின்றது. "இதற்கு என்ன பொருள்?" என்று மாணவன் வினவுகின்றான். ஆசிரியர் அவசரமாக ஒரு பொருள் சொல்லி நகர்கின்றார். அல்லது, "இக்காலத்து ஓவியம் அப்படித்தான்" என்று கைவிடுகின்றார். செய்யுளைப் பொழிப்புரையாக்கிப் பழகிய நம் வகுப்பறை வழக்கமே இவ்விரண்டிற்கும் காரணம்.

1958-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த அக்கூடம் 1984-இல் பழைய மெஜஸ்டிக் ஓட்டல் கட்டடத்திற்கும், 1998-இல் தனக்கெனக் கட்டப்பெற்ற மனைக்கும் இடம்பெயர்ந்தது. வரலாறு இவ்வளவு போதும். மாணவர் தடுமாறும் இடம் வேறு.

1974-இல் ரெட்சா பியதாசாவும் சுலைமான் ஈசாவும் டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் எழுத்தாளர் மூலையில் நடத்திய கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஓவியம் தீட்டப்பெறவில்லை. எரிந்து தீர்ந்த கொசுவர்த்திச் சுருள்கள், பலர் அமர்ந்தெழுந்த வெற்று நாற்காலி, முடிதிருத்தும் கடையில் திரட்டிய மயிர், பறவை விடுவிக்கப்பெற்ற கூண்டு ஆகியவை வைக்கப்பெற்றன. கூண்டின் குறிப்பு, 1974 ஜூன் 10, திங்கட்கிழமை, பிற்பகல் 2.46 மணி என்று நாழிகையையும் கூறிற்று. கவிஞர் சாலே பென் ஜோனெட் அக்கண்காட்சியின் அறிக்கை ஏட்டின்மீது சிறுநீர் கழித்துத் தம் மறுப்பைத் தெரிவித்தார். (மாணவரிடம் இதனைச் சொல்ல ஆசிரியர் தயங்குவர், சொன்னால் அவர்கள் மறவார்.)

கொசுவர்த்திச் சுருளைத் தமிழ் மாணவன் எவ்வாறு அணுகுவான்? அகத்திணைச் செய்யுளில் பூவும் புள்ளும் பறையும் கருப்பொருளாய் நிற்கும்; உணர்வைப் புலவன் வெளிப்படக் கூறான். அதனைப் பயின்றவனுக்கு, பேசாத ஒரு பொருளின் முன் நிற்றல் புதிதன்று. தோட்டத்து லயத்தில் வளர்ந்தவனுக்கோ, சுருள் ஒன்று எவ்வளவு நேரம் எரியும், எவ்விடத்தில் அணைந்தால் உறக்கம் கலையும் என்பதெல்லாம் தெரிந்ததே. சாம்பல் அவனுக்கு ஓர் இரவின் அளவாகும்.

ஆயினும் ஒப்புமையை மிகைப்படுத்தல் தகாது. அகப்பாட்டில் கருப்பொருள் உரிப்பொருளைச் சுமக்கும். காத்திருக்கும் தலைவி ஒருத்தி அதன்பின் இருப்பாள். இச்சுருளின்பின் எவரும் இலர். தாவோ, சென் சிந்தனைகளைச் சார்ந்து நின்ற அவ்விருவரும் மனித உணர்வை வேண்டுமென்றே ஒதுக்கினர். ஆனால், மௌனத்தில் காணவேண்டியது என்று கூறியவர்கள் நீண்டதோர் அறிக்கையையும் உடன் வைத்தனர். சுருளருகே 1974 மார்ச் 25-ஆம் நாள் இரவு என்ற குறிப்பு இல்லையாயின், அது குப்பைக்கூடைக்கே உரியதாகும். குறிப்பே அங்குக் கலையின் பாதி.

நிர்மலா தத் சண்முகலிங்கம் 1973-இல் படைத்த 'அறிக்கை 1' வேறு வகையினது. அதிலும் குப்பையே பொருள். சுற்றுச்சூழல் கெட்டதைக் காட்டும் புகைப்படங்களும் உடனிருந்தன. அதன் சினத்தை உணர எவருடைய உரையும் வேண்டா. இரண்டினுள் இதுவே வலிமை மிக்கது எனலாம்.

பியதாசாவே பின்னாளில் சுருளை விட்டு, பழைய ஸ்டூடியோப் புகைப்படங்களைக் கொண்டு மலேசியரின் உருவங்களை வரிசையாகப் படைத்தார். விறைத்த தோளும் புகைப்படப் பெட்டியை நேர்நோக்கும் கண்ணுமாய்த் தாத்தா வீட்டுச் சுவரில் தொங்கக் கண்ட ரஹாங் மாணவன், அங்கே தானாகவே நிற்பான், பொருள் கேளான். அவ்வேளை ஆசிரியர் வாய் திறவாதிருத்தலே நன்று.

திரும்பியபின் எழுதச் சொல்லும் கட்டுரையையும் மாற்றலாம். 'காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்' என்று தொடங்கி, 'களைப்புடன் இல்லம் மீண்டோம்' என்று முடியும் அவ்வடிவம் எத்தனை ஆண்டுகளாய் மாறாதிருக்கின்றது! அதற்கு மாறாக, வீட்டில் கிடக்கும் ஒரு பொருளுக்குக் குறிப்பெழுதச் சொல்லலாம்: ஒட்டுப்பால் மணம் இன்னும் போகாத ஒரு மங்கு; எந்த மரத்திலிருந்து, எந்த நாளில், யார் கையால் கடைசியாக எடுக்கப்பெற்றது என்று.