ஜார் தொடாத துப்பாக்கி

2010 அக்டோபரில் அமெரிக்காவில் ஒரு பழைய துப்பாக்கி ஏலத்துக்கு வந்தது. இரட்டைக் குழல். ஃபிலடெல்ஃபியாவில் ஏ.ஹெச். ஃபாக்ஸ் கம்பெனி செய்தது. முன்னாள் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு வேட்டைக்குப் புறப்பட்டபோது கம்பெனிக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. 8,62,500 டாலருக்குப் போனது. ஷாட்கன் ஒன்றுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை.

அதே கம்பெனி, அதே தரம், அதே கைவேலை. ஆனால் ரூஸ்வெல்ட் கை படாத இன்னொன்றைக் கொண்டுபோய் நிறுத்தினால் இந்த விலையின் பக்கத்தில்கூடப் போகாது. இரும்பும் வால்நட் கட்டையும் ஒன்றுதான், வித்தியாசம் பெயரில். காமர்ஸ் படித்தவர்களுக்கு இது தெரிந்த சமாசாரம். ஒரு வியாபாரத்தை அதன் சொத்து மதிப்புக்கு மேலே கொடுத்து வாங்கினால், அந்த அதிகப்படித் தொகைக்கு 'குட்வில்' என்று தலைப்புப் போட்டு எழுதுவோம். கண்ணுக்குத் தெரியாது, தொட முடியாது. ஆனால் பேலன்ஸ் ஷீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகளைச் சேகரிப்பது அமெரிக்காவில் பெரிய பொழுதுபோக்கு. அதற்கென்று சங்கங்கள், தடிமனான புத்தகங்கள், ஏல கேட்டலாக்குகள். இந்த உலகத்தைப் பற்றி எனக்கு ஒரு பாராட்டும் மூன்று புகார்களும் உண்டு. முதலில் பாராட்டு.

இவர்கள் துப்பாக்கியை வாங்கி சுவரில் மாட்டுவதோடு நிறுத்துவதில்லை. அதன் ஜாதகத்தைத் தேடுகிறார்கள். எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், யார் ஆர்டர் கொடுத்தது, என்றைக்கு ரயிலேறியது என்று விடாமல் துருவுகிறார்கள். துருவத் துருவ ரகளையான கதைகள் வருகின்றன.

சார்லஸ் பார்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட் மாநிலத்தில் மெரிடன் என்ற ஊரில் 1832-ல் காபிக்கொட்டை அரைக்கும் மில் செய்ய ஆரம்பித்தவர். உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்து கொடுத்தார். 1865-ல் போர் முடிந்தது. மெஷின்கள் சும்மா நிற்கக் கூடாதல்லவா? வேட்டைக்கான இரட்டைக் குழலுக்கு மாறினார். 1934-ல் ரெமிங்டன் அதை வாங்கி, பிறகு நியூயார்க் மாநிலத்தில் இலியன் என்ற ஊருக்குக் கொண்டுபோனது. 1940-களில் தயாரிப்பு நின்றது. மொத்தம் சுமார் 2,42,000 துப்பாக்கிகள்.

எல்.சி. ஸ்மித் கதை இன்னும் சுவாரஸ்யம். சிரக்யூஸ் நகரத்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்தவரிடம் அலெக்சாண்டர் பிரவுன் என்று ஒரு மூளைக்காரர் இருந்தார். துப்பாக்கியின் பூட்டுக்கு வடிவம் கொடுத்த அதே ஆள் ஒரு டைப்ரைட்டரையும் வடிவமைத்தார். ஸ்மித் துப்பாக்கி வியாபாரத்தை விற்றுவிட்டு டைப்ரைட்டர் பக்கம் போய்விட்டார். 'ஸ்மித் கொரோனா' என்று பின்னால் வந்த பெயரில் இருக்கும் ஸ்மித்தின் பூர்வாசிரமம் வேட்டைத் துப்பாக்கிதான்.

இதெல்லாம் எப்படித் தெரிகிறது? கணக்குப் புத்தகத்தால். பார்க்கர் கம்பெனியின் ஆர்டர் புத்தகங்களும் ஸ்டாக் புத்தகங்களும் பெருமளவு தப்பிப் பிழைத்திருக்கின்றன. நடுவில் சில காணோம். பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்துக்கு சீரியல் நம்பர் எழுதிப் போட்டால், ஏட்டில் பதிவு இருக்கும் பட்சத்தில் என்ன ஆர்டர், எவ்வளவு நீளக் குழல், எங்கே போனது என்று கடிதம் வரும். எல்.சி. ஸ்மித் ஏடுகள் வயோமிங்கில் கோடி என்ற ஊரின் மியூசியத்தில் இருக்கின்றன. அங்கேயும் கடிதம் தருவார்கள்.

துப்பாக்கியே பாதி கணக்கைச் சொல்லும். பார்க்கரின் குழலைக் கழற்றி அடிப்பக்கம் பார்த்தால் சீரியல் நம்பர், தரம், சட்டத்தின் அளவு எல்லாம் முத்திரை குத்தியிருக்கும். பல துப்பாக்கிகளில் குழலின் எடையும் இருக்கும். '4 1' என்றால் 4 பவுண்டு 1 அவுன்ஸ். இன்றைக்குத் தராசில் வைத்து நிறைய குறைந்தால், நடுவில் எவனோ குழலை வெட்டியிருக்கிறான் அல்லது உள்ளே குடைந்திருக்கிறான். இதைவிட நல்ல இன்டர்னல் ஆடிட் நான் பார்த்ததில்லை.

சட்டத்துக்கும் இந்தத் தேதி வேண்டும். அமெரிக்காவின் 1968-ம் வருஷத்துச் சட்டப்படி, 1898-லோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி 'பழம்பொருள்'. மத்திய அரசின் துப்பாக்கிக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை அதைத் தொடாது. 1899-ல் செய்ததென்றால் கதை வேறு. அதனால் சீரியல் நம்பரை வைத்து வருஷம் கண்டுபிடிப்பது வெறும் ஆர்வக்கோளாறு இல்லை.

இனி புகார்கள்.

ஒன்று, புதுப்பிக்கும் பைத்தியம். எண்பது வருஷம் ஒரு விவசாயி வாத்து சுட்டுத் தேய்த்த துப்பாக்கியை வாங்கி, பாலிஷ் போட்டு, நிறம் ஏற்றி, கட்டையை மாற்றிப் புத்தம் புதுசாக்குகிறார்கள். தேய்மானமும் ஒரு பதிவுதான். கை பிடித்த இடமும், சேணத்தில் உரசிய இடமும் கம்பெனி ஏட்டில் வராத பக்கங்கள். அவற்றைச் சுரண்டிவிட்டு 'ஒரிஜினல் மாதிரியே' என்று மெச்சிக்கொள்வது என்ன நியாயம்? இன்னும் மோசம், சாதாரணத் துப்பாக்கியில் உயர்தர வேலைப்பாட்டைச் செதுக்கி, உயர்தரமென்று விற்பது. கடிதம் போட்டுக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் பலர் காசைக் கொடுத்த பிறகுதான் கடிதம் போடுகிறார்கள்.

இரண்டு, பெயர் மோகம். ரஷ்யாவின் ஜார் இரண்டாம் நிக்கோலஸுக்காக ஒரு பார்க்கர் 'ஏ-1 ஸ்பெஷல்' செய்தார்கள். முதல் உலகப் போர் வந்தது, துப்பாக்கி போகவே இல்லை. ஜார் அதைத் தொடவில்லை, பார்க்கவும் இல்லை. 2007-ல் ஏலத்தில் 2,87,500 டாலர். அதுவும் ஏடு தந்த பெயர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வராத விருந்தாளிக்குப் போட்ட இலைக்கு இவ்வளவு விலையா? சேகரிப்பாளர் புத்தகங்களும் இதே வழிதான். பார்க்கர் 'இன்வின்சிபிள்' செய்தது மூன்றே மூன்று. அதற்குப் பளபளவென்று கலர் படங்கள். பார்க்கரிலேயே மலிவான, பூவேலை எதுவும் இல்லாத 'ட்ரோஜன்' ஏதோ பின்பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். அமெரிக்கக் கிராமத்துக்காரன் கையில் இருந்தது எதுவென்று இந்தப் புத்தகங்களை மட்டும் படித்தால் தெரியாது.

மூன்றாவது புகார்தான் எனக்கு முக்கியம். கைகள் எங்கே? அந்தக் காலத்து அமெரிக்கத் துப்பாக்கிகளில் 'டமாஸ்கஸ்' குழல்கள் பிரசித்தம். இரும்பு, எஃகுக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கி, பட்டையாக்கி, ஒரு தண்டில் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டுவார்கள். மேலே சடைப்பின்னல் மாதிரி கோலம் தெரியும். அந்தக் குழல்களில் பெரும்பாலானவை பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்தை ஒட்டிய கிராமத்துக் கொல்லர்கள் அடித்து, கப்பலில் வந்தவை. மேலே எழுதியிருப்பது பார்க்கர். ஏட்டில் இருப்பது வாங்கியவர் பெயர். நெருப்புக்கு முன்னால் நின்றவன் பெயர் எங்கேயும் இல்லை.

முதலாளி கதியே சில நேரம் அப்படித்தான். ஆன்ஸ்லி ஃபாக்ஸ், ரூஸ்வெல்ட்டுக்குத் துப்பாக்கி கொடுத்த சில வருஷங்களில் தன் பெயருள்ள கம்பெனியை விட்டே வெளியேறினார். 1920-களில் கார் செய்து பார்த்தார். சில வருஷங்களில் அதுவும் முடிந்தது. கம்பெனியை 1929-ல் சாவேஜ் வாங்கியது. அவர் இல்லாத தொழிற்சாலையில் அவர் பெயரைப் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். குட்வில்லை விற்கலாம். பெயருக்குச் சொந்தக்காரன் வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம்.

நம் ஊரில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சாதாரண ஆள் லைசென்ஸில் வைத்துக்கொள்ளக்கூடியது இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. நான் பொறாமைப்படுவது துப்பாக்கியைப் பார்த்து இல்லை, ஏட்டைப் பார்த்து. கம்பெனி கைமாறி, ஊர் மாறி, மூடியே போன பிறகும் ஒரு கணக்குப் புத்தகத்தைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்களே, அதைப் பார்த்து. நாம் மூடிய ஆலைகளின் இரும்பை எடை போட்டு விற்கும்போது ஏடுகளையும் சேர்த்துப் பழைய பேப்பர்காரரிடம் தள்ளிவிடுகிறவர்கள்.

யாராவது பழம்பொருள் ஒன்றைக் காட்டிப் பெருமையடித்தால் என்ன விலை என்று கேட்காதீர்கள். வவுச்சர் இருக்கா என்று கேளுங்கள்.