பெயர்ப்பலகையும் பூட்டும்

அகநானூற்றின் பாடல் வரிசையில் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை. 2, 8 ஆகியவற்றில் முடிபவை குறிஞ்சி. 4இல் முடிபவை முல்லை. 6இல் முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். பாலையின் வெம்மை தாங்காத நாளில் ஒற்றை எண்களைத் தாண்டிப் போய்விடலாம். குறுந்தொகைப் பாடலோடு வரும் ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என்ற குறிப்பும் பேசுபவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. வாசகரின் மனநிலையை மதிக்கும் குறி தமிழுக்குப் புதிதல்ல.

முகநூலில் நாம் இடும் தலைப்புகளும் குறிச்சொற்களும் செய்ய வேண்டிய வேலை இதுதான். ‘நீள்பதிவு’, ‘மீள்பதிவு’, ‘ஸ்பாய்லர் உண்டு’ போன்றவை அதை நேர்மையாகச் செய்கின்றன. பெண்களைப் பற்றிய பதிவுகளின் மேல் ஒட்டப்படும் சீட்டுகள் அப்படி இல்லை. ‘பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டிய பதிவு’ என்று தொடங்குவது பெரும்பாலும் அறிவுரை: இரவில் ஆட்டோவில் எப்படி ஏறுவது, படத்தை யாருக்கு அனுப்பக்கூடாது. குற்றம் செய்கிறவர் படிக்கத் தேவையில்லை என்று அந்தத் தலைப்பே அவருக்கு விடுப்புக் கொடுத்துவிடுகிறது. ‘இளகிய மனம் படைத்தவர்கள் தவிர்க்கவும்’ என்பதோ உள்ளே என்ன இருக்கிறது என்றே சொல்வதில்லை. வாசகரின் மனத்துக்கு மதிப்பெண் போடுகிறது. அடிபட்டும் வாழ்ந்து காட்டிய ஒருத்தி இளகிய மனக்காரி அல்லள். தன் நினைவு எப்போது கிளறப்படலாம் என்பதை அவள் தானே தீர்மானிக்க விரும்புகிறாள். ‘கணவரின் வன்முறை, கருச்சிதைவு பற்றிய விவரிப்பு உண்டு’ என்ற ஒரு வரி அவளுக்குப் போதும்.

பொருளைச் சொல்லும் குறி ஒன்று. ஆளைச் சொல்லும் குறி வேறொன்று. இலக்கியத்திலும் இதைப் பார்த்திருக்கிறோம். 2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ வெளிவந்தபோது, கவிதைகளைப் படிக்காமல் தீர்ப்புச் சொல்லப் பலருக்கு அந்தத் தலைப்பே போதுமாக இருந்தது. சல்மா, சுகிர்தராணி, மாலதி மைத்ரி ஆகியோரின் எழுத்தும் ‘உடல்மொழி’ என்ற ஒரே சீட்டின் கீழ் அடுக்கப்பட்டது. சுகிர்தராணி எழுதிய சாதியும் சல்மா எழுதிய அடைபட்ட வீடும் அந்தச் சீட்டுக்குப் பின்னால் மறைந்தன. கவிஞர் வைத்த தலைப்பு வாசலைக் காட்டியது; மற்றவர்கள் ஒட்டிய சீட்டு வாசலைப் பூட்டியது.

குறி இட்டால், கேட்க விரும்பாதவருக்கும் அது வசதிதானே என்று மாணவிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. 2018 அக்டோபரில் ‘மீடூ’ என்ற குறிச்சொல் தமிழகத்திலும் சிதறிக் கிடந்த வாக்குமூலங்களை ஒன்றாகக் கோத்தது. அதே சொல்லைத் தன் கணக்கில் முடக்கி வைப்பவர் கண்ணில் அவற்றில் பல படாமலே போகும். ஆனால் கேட்க மறுப்பவர், குறி இல்லாவிட்டாலும் இரண்டாம் வரியில் நகர்ந்துவிடுவார், அவருக்கு இழப்பில்லை. முன்னறிவிப்பின்றித் தடுக்கி விழுபவள், அந்த வலியை ஏற்கெனவே பட்டவள். அவரைப் பிடித்து நிறுத்த இவளைத் தள்ளிவிட வேண்டியதில்லை.

ஆகவே எழுதும் தோழியரிடம் ஒன்று கேட்கிறேன். குறி இடுங்கள், அதை நீங்களே இடுங்கள். ‘பெண்கள் பிரச்சினை’ என்று பொதுவாக எழுதாமல், ‘சம்பளம்’, ‘சொத்துரிமை’, ‘அலுவலகக் கழிப்பறை’, ‘வீட்டு வன்முறை’ என்று எழுதுங்கள். சம்பளத்தைப் பற்றிப் படிக்க வரும் ஆணும் உங்கள் பதிவில் வந்து நிற்கட்டும்.